கேமராப் பை கடைசிவரை கையில்தான் இருக்கும் என்று நம்பாதீர்கள்

போன மே மாதம் சென்னை விமான நிலையத்தில், செக்-இன் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு பையன் தரையில் உட்கார்ந்து டிராலியைத் திறந்துவைத்திருந்தான். இரண்டு கேமரா பாடி (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா), நான்கு லென்ஸ், ஃபிளாஷ் எல்லாம் வெளியே கிடந்தன. ஒரு லென்ஸை ஜெர்கின் பாக்கெட்டில் திணித்துக்கொண்டிருந்தான். இந்த வெயிலில் ஜெர்கின் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கல்யாண வேலைக்கு விமானத்தில் போக ஆரம்பித்த புதிதில் நானும் அதே மாதிரி உட்கார்ந்தவன்தான்.

லென்ஸுக்கு மூடி போடுங்கள், கார்டை மறக்காதீர்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது தெரியாமல் யாரும் கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்குவதில்லை. கேமராவோடு விமானம் ஏறும்போது செய்கிற தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

பெட்டியின் எடையைக் கணக்கில் சேர்க்காதது

உள்நாட்டு விமானத்தில் எகானமி டிக்கெட்டுக்குக் கைப்பை பொதுவாக 7 கிலோ. இரண்டு பாடி சுமார் 1.4 கிலோ, தூரத்தை இழுத்துக் காட்டும் 70-200 லென்ஸ் ஏறக்குறைய 1.5 கிலோ, பக்கத்தில் நின்று எடுக்கும் 24-70 ஒரு 850 கிராம், ஜூம் இல்லாத ஒரு பிரைம் லென்ஸும் ஒரு ஃபிளாஷும் சேர்ந்து 1 கிலோ. இதுவே ஐந்தை நெருங்கிவிட்டது. டிராலி காலியாகவே 3 கிலோ இருக்கும். அப்புறம் கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் கெஞ்சி என்ன பயன்? முதுகுப்பை ஒன்றரைக் கிலோவுக்கே கிடைக்கிறது. சார்ஜர், கேபிள், லைட் ஸ்டாண்டு எல்லாம் செக்-இன் பெட்டிக்குப் போகட்டும்.

கைப்பையை நம் கையிலிருந்து யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்று நினைப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

2019. திருச்செந்தூரில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ஏடிஆர் விமானம். காற்றாடி வைத்த சின்ன விமானம், வரிசைக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு சீட்டு. எடை, அளவு எல்லாம் சரியாக இருந்தது, கவுண்டரில் டேக் கட்டி அனுப்பிவிட்டார்கள். நானும் காலை ஆட்டிக்கொண்டு காபி குடித்துவிட்டு, கூட்டம் குறையட்டும் என்று கடைசிச் சிலரோடு போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கி விமானத்தின் வாலுக்குப் பக்கத்துப் படிக்கட்டை நோக்கி நடந்தால், கீழே ஒரு ஊழியர் டிராலிகளை வரிசையாக வாங்கி அடுக்கிக்கொண்டிருக்கிறார். "மேலே இடம் இல்லை சார், இறங்கும்போது தருவோம்."

அவர் மேல் தப்பில்லை. ஏடிஆரில் தலைக்கு மேல் இருக்கும் அறை அவ்வளவு சின்னது. பெரிய விமானத்தில் சுலபமாக நுழைகிற டிராலி அதில் நுழையாது. தப்பு என்னுடையது. ஊரில் இறங்கியதும் அப்படியே எடுத்துச் சுடலாம் என்று 70-200 லென்ஸைப் பாடியில் மாட்டியபடியே வைத்திருந்தேன். எனக்கு முன்னால் ஆறேழு பேர் நின்றார்கள். ஜிப்பைத் திறந்து அந்தக் கேமராவை மட்டும் தோளில் மாட்டிக்கொள்ள ஒரு நிமிடம் போதும். பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்களே என்ற கூச்சத்தில் பையை நீட்டிவிட்டேன்.

வெளியே பார்க்கப் பைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை மணமேடையில் கேமராவின் சின்னத் திரையிலும் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. சந்தேகம் வந்து ஒரு படத்தைப் பெரிதாக்கினேன். மாப்பிள்ளையின் பட்டு அங்கவஸ்திரத்தில் சரிகை இழை இழையாக நிற்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கண் இமை பாலில் ஊறின மாதிரி இருக்கிறது. படத்தின் இடது பாதி முழுக்க அப்படித்தான். ஒன்றரைக் கிலோ லென்ஸ் முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, பை விழுந்த அதிர்ச்சி முழுவதையும், லென்ஸைப் பாடியோடு பிடித்திருக்கும் மவுண்ட் வளையம் ஒன்றே வாங்கியிருக்கிறது. தாலி கட்டுவதை 24-70 லென்ஸில், மேடை ஓரத்தில் முட்டி போட்டு எடுத்தேன். சென்னை வந்து சரிசெய்ய 18,000 ரூபாய். விமான நிறுவனத்துக்கு எழுதினேன். உடையக்கூடிய பொருளுக்குப் பொறுப்பில்லை என்று விதியைக் காட்டிப் பதில் வந்தது. வாடிக்கையாளர்கள் இன்றுவரை ஒன்றும் சொன்னதில்லை. ஆல்பத்தில் அந்த ஒரு பக்கத்தை நான்தான் பார்க்க மாட்டேன்.

இப்போது பையின் வெளி ஜிப்பில் ஒரு துணித் தாம்பூலப் பை மடித்துக் கிடக்கும். ஏதோ ஒரு கல்யாணத்தில் தேங்காயோடு கொடுத்தது. கீழே யாராவது கையை நீட்டினால் பாடி, பெரிய லென்ஸ், பேட்டரி டப்பா மூன்றும் அதற்குள் போய்விடும்; மற்றதை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். லென்ஸ் தனி, பாடி தனி. டிக்கெட் போடும்போதே எந்த விமானம் என்றும் பாருங்கள். சென்னையிலிருந்து சேலம் போனாலும் யாழ்ப்பாணம் போனாலும் ஏடிஆராகத்தான் இருக்கும். பெரிய விமானமே ஆனாலும் வரிசையில் முன்னால் நில்லுங்கள். காபி எங்கேயும் போகாது.

பேட்டரியைப் பெட்டிக்குள் போடுவது

உதிரி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் சரக்கறைக்குப் போகக் கூடாது. அங்கே தீப்பிடித்தால் கை நீட்டி அணைக்க ஆள் இல்லை. டிராலியைக் கீழே வாங்கும்போது பலர் கோட்டை விடுவது இங்கேதான், பேட்டரியும் அதோடு போய்விடும். 100 வாட்-ஹவர் வரை தனி அனுமதி வேண்டாம்; 160 வரை விமான நிறுவனத்தைக் கேட்டு இரண்டு கொண்டுபோகலாம்; அதற்கு மேல் பயணிக்குக் கிடையாது. வோல்ட்டை மில்லிஆம்பியர்-ஹவரால் (mAh) பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். 7.2 வோல்ட், 2280 என்று போட்ட கேமரா பேட்டரி 16.4தான். வீடியோக்காரர்களின் பெரிய வி-மவுண்ட் பேட்டரிதான் மாட்டும். முனைகளுக்கு மூடி இல்லையென்றால் டேப் ஒட்டுங்கள்.

டிரைபாடைக் கையில் தூக்கிப் போவது

செக்-இன். வாக்குவாதம் வேண்டாம்.

பிலிம் ரோலை ஸ்கேனருக்குள் விடுவது

கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். புது சி.டி. (CT) எக்ஸ்ரே ஸ்கேனர் ஒரே தடவையில் படத்தைக் கெடுத்துவிடலாம்.

வெளிநாட்டுக்குச் சான்று இல்லாமல் கிளம்புவது

சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ வேலைக்குப் போகிறவர்கள், போகும்போதே சுங்கத் துறையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது, உங்கள் பழைய கேமரா இங்கிருந்து போனதுதான் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், இல்லை வரி கட்ட வேண்டும். அதில் சீரியல் நம்பர் எழுத வேண்டும். லென்ஸில் அது பெரும்பாலும் மவுண்ட் பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். வீட்டிலேயே போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், கவுண்டர் முன்னால் நின்று ஒவ்வொரு லென்ஸாகத் திருப்பித் திருப்பிப் படிக்க வேண்டியிருக்காது.