மூளையில் புது நியூரான் பிறக்கிறது, சரி. அதை வைத்து நாம் செய்யும் தவறுகள்

மாமாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோன மூன்றாவது வாரம், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. வயதானாலும் மூளையில் தினமும் புது செல்கள் பிறக்கின்றன, அதனால் செத்த பகுதி தானாகவே வளர்ந்துவிடும் என்று. எல்லோருக்கும் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியில் பிசியோதெரபி இரண்டு வாரம் தள்ளிப்போனது. மூளைச் செல்லை வளர்க்கும் என்று சொல்லி ஒருவர் விற்ற மாத்திரை டப்பா ஒன்றும் வீட்டுக்கு வந்தது.

செய்தியின் முதல் பாதியில் உண்மை இருக்கிறது. ‘அதனால்’ என்ற சொல்லில்தான் தவறு தொடங்குகிறது.

புது நியூரான், அதாவது நரம்புச் செல், பிறப்பதாகச் சான்று இருப்பது மூளை முழுக்க அல்ல. முக்கியமாக ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில். இரண்டு காதுகளுக்கும் உட்புறமாக, ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாகக் கடல்குதிரை போல வளைந்து கிடக்கும். நினைவுகளைப் பதிய வைக்கும் இடம். அதிலும் டென்டேட் கைரஸ் என்ற ஒரு மெல்லிய பட்டையில் மட்டும். கையை அசைக்கும் மூளைப் புறணியில், அதாவது மூளையின் வெளி அடுக்கில், அப்படி நடப்பதில்லை.

இதை அளந்து பார்த்த விதம் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தார்களே, அதில் காற்றிலிருந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அந்தச் சோதனைகளைத் தடுத்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு அது ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்தது. ஒரு செல் பிறக்கும்போது அதன் டிஎன்ஏ அந்த ஆண்டின் கார்பனையே எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் டிஎன்ஏவில் இருக்கும் கார்பன்-14ஐ அளந்தால் செல்லின் பிறந்த ஆண்டு தெரிந்துவிடும். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வு நிலையத்தில் யோனாஸ் ஃபிரிசேன் குழு, இறந்தவர்களின் மூளையை எடுத்து இதைச் செய்தது. புறணி நியூரான்கள் அந்த மனிதரின் வயதே ஆனவை. ஹிப்போகாம்பஸில் இளையவையும் இருந்தன. 2013இல் அவர்கள் சொன்ன கணக்கு: ஒவ்வொரு பக்க ஹிப்போகாம்பஸிலும் நாளைக்குச் சுமார் 700.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து நாளைக்கு 1,400. பெரிய ரத்தக்குழாய் அடைபடும் பக்கவாதத்தில், சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் சாகும் நியூரான்கள் சுமார் 19 லட்சம் என்பது 2006இல் வந்த மதிப்பீடு. ஒரு நிமிட இழப்பை எட்டவே மூன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவும் பிறப்பது வேறு இடத்தில். அதனால் வாய் கோணினாலோ, ஒரு கையைத் தூக்க முடியாமல் போனாலோ, பேச்சு குழறினாலோ, ‘படுத்து எழுந்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருக்காதீர்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை, ஸ்கேன் பார்த்த பிறகு, பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

அப்புறம் எப்படிக் கை திரும்புகிறது? பிழைத்திருக்கும் நியூரான்கள் தங்களுக்குள் புது இணைப்புகளைப் போட்டுக்கொண்டு, போன வேலையில் ஒரு பங்கை ஏற்கின்றன. அந்த இணைப்பு பயிற்சியால்தான் பலப்படும். நாங்கள் தள்ளிப்போட்ட இரண்டு வாரம் அதனால்தான் இன்றும் உறுத்துகிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: பிறந்தபோது இருந்ததுதான், இனி ஒன்றும் நடக்காது என்பது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நாமே நம் கதவைச் சாத்திக்கொள்கிறோம். நரம்பியலின் முன்னோடி ரமோன் இ கஹாலே வளர்ந்த மூளையில் எதுவும் மீண்டும் முளைக்காது என்று எழுதியவர்தான். 1965இல் அமெரிக்காவில் ஜோசப் ஆல்ட்மனும் கோபால் தாஸும் எலியின் ஹிப்போகாம்பஸில் புது நியூரான்களைக் காட்டியபோது, பல ஆண்டுகள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனித மூளையில் நேரடிச் சான்று 1998இல்தான் வந்தது. ஐம்பதில் கற்பதற்குப் புது நியூரானுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பெரும்பாலும் பழைய நியூரான்களின் இணைப்புகள் மாறுவதுதான் கற்றல்.

ஒரே ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வதும் தவறு. 2018இல் ஒரு குழு, பெரியவர்களின் ஹிப்போகாம்பஸில் புது நியூரானே தென்படவில்லை என்றது. அடுத்த மாதமே இன்னொரு குழு, 79 வயதிலும் இருக்கிறது என்றது. இறந்த பின் மூளைத் திசு எத்தனை நேரம் ரசாயனத்தில் ஊறியது என்பதைப் பொறுத்தே புது நியூரானின் அடையாளம் தெரிகிறது என்று 2019இல் மாட்ரிட் குழு காட்டியது. 2025இல் ஃபிரிசேன் குழு, பெரியவர்களிடமும் பிரிந்துகொண்டிருக்கும், புது நியூரானைத் தரும் தாய்ச் செல்களைக் கண்டது. ஆளுக்கு ஆள் அது வேறுபடுகிறது.

மாத்திரை டப்பாவுக்கு வருகிறேன். இதில் விளம்பரங்கள் காட்டும் ‘ஆதாரம்’ பெரும்பாலும் எலியுடையது. சக்கரத்தில் ஓடிய சுண்டெலிக்குப் புது நியூரான் கூடியது என்பது 1999இலேயே தெரியும். மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உயிரோடிருப்பவர் தலைக்குள் புது நியூரானை எண்ணிக் காட்டும் ஸ்கேன் இன்னும் வரவில்லை, பிறகு மாத்திரை வளர்த்ததை யார் பார்த்தார்கள்? நடைப்பயிற்சிக்குச் சான்று இதைவிடக் கெட்டி. 120 முதியவர்களை வைத்து 2011இல் வெளியான ஆய்வில், ஒரு வருஷம் நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் பெருத்தது. அதுவும் பருமன்தான், நியூரான் எண்ணிக்கை அல்ல.

வெட்டுப்பட்ட நரம்பு வளர்கிறதே என்பது இன்னொரு குழப்பம். விரலில் வெட்டுப்பட்ட நரம்பு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளர்வது உண்மை. அது பிழைத்திருக்கும் செல்லின் இழை நீள்வது. புது செல் அல்ல.

மாமா இப்போது தினமும் காலையில் ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குப் புளியங்கொட்டையை வலது கையால் மாற்றுகிறார். தெரபிஸ்ட் சொன்னபடி இடது கையை மடியில் வைத்திருப்பார். முதல் நாள் இரண்டு கொட்டை, மூன்றாவது தரையில் உருண்டது. எட்டு மாதம் கழித்து நேற்று முப்பத்தொன்று. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக எண்ணினார்.