விவாகரத்தில் பணம் பற்றிப் பேசி முடித்தாயிற்றா? கன்சென்ட் ஆர்டரை விட்டுவிடாதீர்கள்

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ விவாகரத்துக்கு விண்ணப்பித்து, வீடு யாருக்கு, சேமிப்பில் யாருக்கு எவ்வளவு என்று இருவரும் சண்டையில்லாமல் பேசி முடித்துவிட்டீர்கள் என்றால் பாதி பாரம் இறங்கிவிட்டது. ஆனால் அந்த ஒப்பந்தம் வாட்ஸ்அப்பில் இருந்தாலும் சரி, பெரியவர்கள் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டதாக இருந்தாலும் சரி, நீதிபதி ஒப்புதல் தந்து அது ‘கன்சென்ட் ஆர்டர்’ ஆகும்வரை உங்களுக்கு முழுப் பாதுகாப்பு கிடையாது. விவாகரத்து ஆனாலே பணக் கணக்கும் தீர்ந்தது என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். தீராது. டேல் வின்ஸ் என்பவருக்கு 1992இல் விவாகரத்து ஆனது. பிற்பாடு அவர் பெரும் பணக்காரர் ஆனார். 2011இல் முன்னாள் மனைவி பணம் கேட்டு வந்தபோது, வழக்கு நடக்கலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

விண்ணப்பம் பதிவாகி 20 வாரம் கழித்துத்தான் கண்டிஷனல் ஆர்டர், அதாவது விவாகரத்துக்குத் தடையில்லை என்று நீதிமன்றம் தரும் முதல் கட்ட உத்தரவு, கேட்க முடியும். அது வந்த பிறகுதான் நீதிபதி கன்சென்ட் ஆர்டருக்கு ஒப்புதல் தருவார் என்பதால் காத்திருக்கும் அந்த வாரங்களிலேயே பேப்பரை எல்லாம் தயார் செய்துவிடுங்கள். ஆர்டரின் வரைவை ஒரு சொலிசிட்டரிடம் கொடுத்து எழுதிக்கொள்வதே நல்லது, அதில் ‘க்ளீன் பிரேக்’ வாசகம், அதாவது இனி ஒருவரிடம் மற்றவர் பணம் கேட்க முடியாது என்பது, சரியாக விழ வேண்டும். ஆர்டருக்கு விண்ணப்பிக்கும் ஃபார்ம் ஏ எளிது.

உண்மையான வேலை, இருவரின் பண விவரத்தையும் எழுதும் டி81 படிவத்தில்தான். இருவரின் வருமானம், வீடு, கடன், பென்ஷன் எல்லாம் அதில் வர வேண்டும். ஊரில் அப்பா எழுதிவைத்த நிலம், லாக்கரில் இருக்கும் நகை, அங்குள்ள வங்கி டெபாசிட், இவையும் சொத்துதான், பவுண்டில் மதிப்புப் போட்டு எழுதுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் ஆர்டரே ரத்தாகலாம். தெரிந்த ஒரு பெண்ணின் டி81 பென்ஷன் கட்டம் காலியாக இருந்ததால் திரும்பி வந்தது. பென்ஷன் நிறுவனத்திடம் மதிப்பை எழுதிக் கேட்டு வாங்கவே அவருக்கு மாதக்கணக்கில் ஆனது, ஆகவே அதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். பங்கு சமமாக இல்லையென்றால் ஏன் என்று விளக்க இடம் இருக்கிறது, அங்கே ஒரே வரியில் முடிக்காதீர்கள். பெரும்பாலும் விசாரணைக்குக் கூப்பிட மாட்டார்கள், நீதிபதி இந்தத் தாள்களை மட்டும் பார்த்துத்தான் இது நியாயமா என்று முடிவு செய்வார்.

அப்புறம், கண்டிஷனல் ஆர்டர் வந்து 6 வாரமும் ஒரு நாளும் ஆனதும் விவாகரத்தை முடித்துவைக்கும் ஃபைனல் ஆர்டர் கேட்கலாம்தான், ஆனால் முத்திரையிட்ட கன்சென்ட் ஆர்டர் கைக்கு வரும்வரை பொறுங்கள். முந்திக்கொண்டால், இடையில் துணைவர் இறந்துபோனால் வர வேண்டிய குடும்ப பென்ஷன்கூடக் கைவிட்டுப் போகலாம்.