ஈரல் ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு செய்யக்கூடாதவை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் யாருக்காவது வயிற்று ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர்’ என்று வந்துவிட்டால், இரண்டொரு நாளில் அந்த ரிப்போர்ட் என் வீட்டு மேசைக்கு வந்து சேரும். தோட்ட கிளினிக்கில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதோடு எனக்கே பல வருடமாகக் கொழுப்பு ஈரல் உண்டு. இரண்டு பக்கத்துக் கதையும் தெரிந்தவர் என்று அழைத்து வருகிறார்கள். வருகிறவர்கள்தான் புதியவர்கள். தவறுகள் எல்லாம் எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே பழைய தவறுகள்.

குடியை நிறுத்து, சீனியைக் குறை, பொரித்ததைத் தொடாதே என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல உங்கள் வீட்டிலேயே ஆள் இருப்பார்கள். பயம் பிடித்த பிறகு நல்ல விவரமான மனிதர்களே செய்கிற காரியங்களைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

கிரேடை ஸ்டேஜ் என்று படிப்பது

‘கிரேடு 2’ என்பதைப் பார்த்ததும் புற்றுநோயின் ஸ்டேஜ் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. “அண்ணே, அடுத்தது மூணு, அப்புறம் நாலு, அவ்வளவுதானே?” என்று ஒருவர் கேட்டார்.

அப்படி இல்லை. கொழுப்பு படிந்த ஈரல் ஸ்கேன் திரையில் வெளுப்பாகத் தெரியும். பக்கத்தில் இருக்கும் வலது சிறுநீரகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதைவிடச் சற்று வெளுப்பு என்றால் கிரேடு 1. ஈரலுக்குள் ஓடும் ரத்தக் குழாய்களின் கரை மங்கியிருந்தால் 2. பின்னால் இருக்கும் உதரவிதானமே சரியாகத் தெரியவில்லை என்றால் 3. கொழுப்பு ஏறக்குறைய எவ்வளவு என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லாது. ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா, விழுந்திருந்தால் எவ்வளவு என்பதுதான் நாளைக்கு என்ன ஆகும் என்பதைத் தீர்மானிக்கும். சாதாரண ஸ்கேனால் தொடக்கத் தழும்பைப் பார்க்க முடியாது.

ஸ்கேன் மேல் ஸ்கேன்

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

செம்பனை ஆலைக்கு லோரி ஓட்டும் தம்பி ஒருவர். நாற்பத்தைந்து வயது, இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு. மண்டபத்தில் நடந்த ஒரு பரிசோதனை முகாமில் ஸ்கேன் எடுத்தார்கள், கிரேடு 2 என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்றிரவு தூக்கம் இல்லை. அடுத்த வாரம் ஈப்போவில் ஒரு தனியார் இடத்தில் எடுத்தார், கிரேடு 1. வீட்டில் பாயாசம் வைத்தார்கள். சில நாள்தான் அந்தச் சந்தோஷம். ‘இரண்டில் எது சரி?’ என்று தொடங்கிவிட்டது. சரி, மூன்றாவதாக ஒன்று எடுத்துப் பார்த்துவிடலாம் என்று இன்னோர் இடம் போனார். அங்கே மறுபடி கிரேடு 2. கூடவே ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி, ஹீமாஞ்சியோமாவாக இருக்கலாம், நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும், தேவைப்பட்டால் சிடி ஸ்கேன் என்று ஒரு வரி.

அந்த ஒரு வரிக்காக மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. சிடி ஸ்கேன் என்ன சொன்னது? ஹீமாஞ்சியோமாதான். ரத்தக் குழாய்கள் சுருண்டு உண்டாகும் சாதுவான கட்டி அது. ஈரலில் வரும் தீங்கற்ற கட்டிகளில் இதுதான் மிகச் சாதாரணம். பெரும்பாலானவர்களுக்கு எந்த வைத்தியமும் தேவையில்லை. ஸ்கேன் எடுக்காமலே இருந்திருந்தால் சாகும்வரை அவருக்கு அது தெரியாமலே போயிருக்கும்.

இத்தனை நடந்தும் இவருடைய இனிப்பு நீர் அப்பாயின்மென்ட் இரண்டு தவறிப் போயிருந்தது. லீவு முழுவதும் ஸ்கேனுக்கே போய்விட்டதாம். கடைசியாக நான் இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், ரத்தத்தில் இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.8, மிக அதிகம். ஈரலைக் கெடுக்கப்போவது இதுதான். அதைப் பார்க்க அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளி.

ஏன் இடத்துக்கு இடம் கிரேடு மாறுகிறது என்று கேட்பீர்கள். திரையின் வெளுப்பைக் கண்ணால் பார்த்து முடிவு சொல்கிறார்கள். கருவி வேறு, அதில் வைத்திருக்கும் வெளிச்ச அளவு வேறு, பார்க்கும் ஆள் வேறு. வயிற்றில் தோலுக்கடியில் கொழுப்பு கூடுதல் என்றால் படமும் தெளிவாக விழாது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஈரலை ஒருவர் ஒன்று என்பார், மற்றவர் இரண்டு என்பார். யாரும் பொய் சொல்லவில்லை.

‘நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்’ என்ற வரியும் உங்களைப் பயமுறுத்த எழுதியது இல்லை. படம் பார்க்கும் நிபுணர் உங்களைப் பார்த்ததில்லை. உங்களை அனுப்பிய டாக்டர் பொருத்திப் பார்க்கட்டும் என்று எழுதுகிறார். யாரும் அனுப்பாமல் நீங்களாகவே காசு கட்டிப் படுத்தால் அந்த வரியைப் படிக்க டாக்டர் யார்? பேக்கேஜ் விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். நான்கு இடத்தில் நான்கு ரிப்போர்ட் வாங்கியவரிடம், நான்கையும் சேர்த்துப் படித்த டாக்டர் ஒருவர்கூட இருக்கவில்லை.

மறுபடி மறுபடி ஸ்கேன் எடுப்பது சொறி சொறிவதைப் போன்றது. சொறியும்போது சுகமாக இருக்கும், பிறகு இன்னும் அரிக்கும். ‘ஒன்றுமில்லை’ என்ற பதிலுக்கு மனம் பழகிவிட்டால் அடுத்த சந்தேகத்துக்கும் அதே பதிலை ஒரு கருவிதான் சொல்ல வேண்டும் என்று அடம்பிடிக்கும்.

அப்படியானால் என்ன கேட்க வேண்டும்? ஈரலில் தழும்பு இருக்கும் வாய்ப்பை ரத்தப் பரிசோதனையை வைத்து மதிப்பிடும் ஃபிப்-4 கணக்கு கேளுங்கள். வயது, ஏஎஸ்டி, ஏஎல்டி (இரண்டும் ரத்தத்தில் அளக்கும் ஈரல் நொதிகள்), பிளேட்லெட் எண்ணிக்கை, இந்த நான்கும் போதும். வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, அதை பிளேட்லெட்டும் ஏஎல்டியின் வர்க்கமூலமும் பெருக்கி வருகிற எண்ணால் வகுக்க வேண்டும். நம் லோரித் தம்பியின் கணக்கையே போடுவோம்: வயது 45, ஏஎஸ்டி 40, ஏஎல்டி 64, பிளேட்லெட் 250. மேலே 1800, கீழே 2000, விடை 0.9. 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. 65 வயது தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2.0. 2.67-க்கு மேலே போனால் கல்லீரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். நடுவில் வந்தால் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். அது ஈரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளக்கும், 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் நிம்மதி. முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஃபிப்-4 அவ்வளவு சரியாக வராது, அவர்கள் அதை டாக்டரிடமே விட்டுவிடட்டும். இன்னொன்று: சில ரத்த ரிப்போர்ட்டில் ஏஎல்டி மட்டும்தான் இருக்கும். ஏஎஸ்டியும் வேண்டும் என்று வாய்திறந்து கேட்க வேண்டும்.

கணக்கு குறைவாக வந்தவர்கள் இனிப்பு நீர் இருந்தால் ஒன்றிரண்டு வருடத்தில், இல்லையென்றால் இரண்டு மூன்று வருடத்தில் மறுபடி போட்டுப் பார்க்கலாம். இடையில் ஸ்கேனுக்கு ஓட வேண்டியதில்லை.

திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுக்க வேண்டியவர்களும் உண்டு. ஈரல் சுருங்கிப்போனவர்களுக்கும், ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர்களில் பலருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் அவசியம். மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 1989-இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்தவர் என்றால் ஒரே ஒருமுறை அந்த ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்ப்பது

சட்டையைத் தூக்கிக் காட்டினார் ஒருவர். வலது விலா எலும்புக்குக் கீழே, இரண்டு விரல் வைக்கும் இடத்தில் மட்டும் தோல் கன்றிப்போய் நீலமாக இருந்தது. வலிக்கிறதா வலிக்கிறதா என்று நாளெல்லாம் அமுக்கிப் பார்த்து அவரே உண்டாக்கிய வலி அது. “இங்கேதான் அண்ணே, எப்பவும் வலிக்குது.” வலிக்காமல் என்ன செய்யும்?

காலையில் கண்ணாடி முன் இமையை இழுத்து மஞ்சளைத் தேடுவதும் இதே ரகம்தான். குளியலறையின் மஞ்சள் விளக்கில் எல்லார் கண்ணும் மஞ்சள்தான்.

இரவு கைப்பேசியில் தேடுவது

வேண்டாம்.

ஈரலைக் கழுவும் பொடி

கீழாநெல்லியை அரைத்து மோரில் குடிப்பது நம் வீடுகளில் தலைமுறைப் பழக்கம். அதைக் குடித்தால் ஈரல் கொழுப்பு கரையும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எனக்கு அதைவிடப் பெரிய பயம், இரவுச் சந்தையில் பெயரில்லாப் புட்டியில் விற்கும் பொடியும், தெரிந்தவர் தெரிந்தவர் மூலம் வரும் மாத்திரையும். சாப்பாட்டில் போடும் மஞ்சள் ஒன்றும் செய்யாது. ஆனால் செறிவாக்கிய மஞ்சள் மாத்திரையும் பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரையும் சிலருக்கு ஈரலையே தாக்கியிருக்கின்றன. பயந்துபோய் வாங்கிக் குடித்த பொடியால் ஏஎல்டி ஏறி, அந்த எண்ணைப் பார்த்து இன்னும் பயந்து, இன்னொரு பொடி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். புட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு இருந்தாலும் டாக்டரிடம் காட்டாமல் வேண்டாம்.

வழக்கமான மாத்திரையை நிறுத்துவது

‘மாத்திரைதான் ஈரலைக் கெடுக்குது’ என்று கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தூக்கிப்போடாதீர்கள். கொழுப்பு ஈரல் உள்ளவர்களின் உயிரை அதிகம் எடுப்பது ஈரல் இல்லை, இதயம்.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது குடிக் கணக்கு சொல்வது

“எப்போதாவது ஒரு பியர், டாக்டர்” என்பார். வெளியே வந்து என்னிடம் உண்மையைச் சொல்வார். டாக்டருக்குப் போன தகவல் தப்பு என்றால் அவர் சொல்லும் ஆறுதலும் தப்பு. உள்ளே தனியாகப் போங்கள், சம்சு என்ற மலிவுச் சாராயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பயத்தை மறைத்துவிட்டு வலியை மட்டும் சொல்வது

கிளினிக்குக்கு நாலு தடவை போய் வந்தவரிடம் கேட்டேன், “தூக்கம் இல்லை, வேலையில் மனம் நிற்கவில்லை என்று சொன்னீர்களா?” “அதைப் போய் எப்படிச் சொல்றது, பைத்தியம்னு நினைப்பாங்க.” நினைக்க மாட்டார்கள். அரசாங்கக் கிளினிக்கில் மனநலக் கேள்வித்தாள் இருக்கிறது, கேட்டால் தருவார்கள். நாற்பது வயது தாண்டிய பி40 (குறைந்த வருமான) குடும்பத்தினருக்கு 2019 முதல் இருக்கும் பேக்கா பி40 என்ற அரசாங்க உடல்நலப் பரிசோதனையிலும் மனநலக் கேள்விகள் உண்டு. பேச ஆள் இல்லாவிட்டால் சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555. இந்த வகைப் பயத்துக்கென்றே பேச்சுவழி சிகிச்சை இருக்கிறது. சோதித்துப் பார்க்கும் பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட அதில் பழக்குவார்கள், நன்றாக வேலை செய்யும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று. பலசரக்குக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்த 555 நோட்டு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்த உடனே தேடாமல், அமுக்காமல், அதில் எழுதிவிடுங்கள். சாயங்காலம் ஒரு நேரம் குறித்து, கால்மணி நேரம் மட்டும் உட்கார்ந்து படியுங்கள். காலையில் உலகமே முடிந்ததுபோல் எழுதியது அப்போது பாதி சப்பென்று இருக்கும். மீதியை அப்பாயின்மென்டுக்கு எடுத்துப் போங்கள், டாக்டரிடம் கேட்க மறந்தது என்று எதுவும் இருக்காது.

பட்டினி கிடப்பது

பயத்தில் ஒரே மாதத்தில் பத்து கிலோ குறைக்கப் பார்க்கிறார்கள். வேகமாக இளைத்தால் ஈரல் அழற்சி கூடக்கூடும். வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. 80 கிலோ ஆள் நாலு கிலோ குறைத்தாலே ஈரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும், எட்டு கிலோ குறைத்தால் தழும்பே ஆறலாம். காப்பி குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, ஆகவே காப்பி ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத காப்பி) தாராளமாக. ஆனால் படபடப்பு உள்ளவர்கள் மாலைக்கு மேல் வேண்டாம், நெஞ்சு அடித்துக்கொள்வதை வேறு நோய் என்று நினைத்து என்னிடம் ஓடி வருவீர்கள்.

பயம் என்று ஒதுக்கக்கூடாதவை

ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், வயிறு நீர்கோத்துப் பெருப்பது, பகல் வெளிச்சத்தில் மற்றவர்களுக்கும் தெரிகிற மஞ்சள் கண், பேச்சு தடுமாறிக் குழம்புவது. இவற்றுக்கு 555 நோட்டும் வேண்டாம், என் வீட்டு மேசையும் வேண்டாம். எந்த நேரமானாலும் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு நேரே போங்கள், வண்டி இல்லையென்றால் 999.