ஏடிவி செல்ஃப் எடுக்கவில்லையா? புது பேட்டரி வாங்கும் முன் இதைப் படியுங்கள்

சில வாரம் சும்மா நின்ற ஏடிவியின் (கரடுமுரடான பாதைக்கான நான்கு சக்கர வண்டி) ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. உடனே “பேட்டரி போச்சு” என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். புதிதாக வண்டி வைத்திருப்பவர்கள் ஒருவர் விடாமல் இதே தவறைத்தான் செய்கிறார்கள். இன்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் ஆஃபில் கிடப்பது, பிரேக் பிடிக்காமல் பட்டனை அமுக்குவது எல்லாம் ஒரு முறை பட்டால் தெரிந்துவிடும். இங்கே சொல்ல வந்தது காசைக் கரைக்கும் தவறுகளை.

மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் பார்த்துத் திருப்தி அடைவது

சும்மா இருக்கும் பேட்டரியில் 12.6 முதல் 12.8 வோல்ட் வரை இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே போனால் காலி. ஆனால் இந்த எண் சார்ஜ் அளவைத்தான் சொல்லும், பேட்டரிக்குத் தெம்பு இருக்கிறதா என்று சொல்லாது. சார்ஜரிலிருந்து எடுத்த சூட்டில் பார்த்தால் 13-க்கு மேல் காட்டி ஏமாற்றும். சில மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

லோடு கொடுத்துப் பார்ப்பதே சரியான சோதனை. மீட்டர் முனைகளைப் பேட்டரியின் ஈய டெர்மினலிலேயே வையுங்கள், ஒயர் நுனியில் உள்ள லக்கில் (உலோக வளையம்) அல்ல. இன்னொருவர் இரண்டு மூன்று வினாடி செல்ஃப் அடிக்கட்டும். வோல்டேஜ் 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது அது தளர்ந்துவிட்டது. முழு சார்ஜுக்குப் பிறகும் சரிந்தால் சந்தேகம் பேட்டரி மேல்தான். ஸ்டார்ட்டர் மோட்டார் இறுகியிருந்தாலும் இப்படிச் சரியும் என்பதை மறக்க வேண்டாம். எவ்வளவு சார்ஜ் போட்டாலும் 10.5 பக்கமே நின்றால் ஆறில் ஒரு செல் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும். 12 வோல்ட் அப்படியே நிற்க, மோட்டார் சுற்றவில்லை என்றால் பேட்டரி மேல் பழி இல்லை. கரண்ட் வழியில் எங்கோ நிற்கிறது.

எதையும் சோதிக்காமல் புது பேட்டரி மாட்டுவது

இந்த ஒரு தவறைப் பார்க்கும்போது இன்றைக்கும் மனம் பொறுப்பதில்லை. புது பேட்டரி போட்டதும் வண்டி கிளம்பும், இரண்டு வாரம் நன்றாக ஓடும், பிறகு அதே ‘டிக்’. “கடைக்காரர் டூப்ளிகேட் கொடுத்துவிட்டார்” என்று சண்டைக்குப் போவார்கள். பேட்டரியைக் கொன்றது வண்டி. இரண்டு முறை அடியோடு இறங்கி அப்படியே கிடந்தால் தட்டுகளில் சல்பேட் கட்டியாகப் படிந்து, புது பேட்டரியும் பாதிப் பழசாகிவிடும்.

முதலில் டெர்மினலைப் பாருங்கள். இந்தச் சின்ன பேட்டரிகளில் போல்ட் இறங்கும் சதுர நட்டு, டெர்மினல் குழிக்குள் சும்மா கிடக்கும். அது கீழே இறங்கிவிட்டால் போல்ட் அடிமுட்டி டைட் ஆனதுபோலத் தோன்றும், ஒயரோ ஆடிக்கொண்டிருக்கும். நட்டுக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டு வைத்துத் தூக்கிக்கொடுங்கள். வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் மோட்டார்), எல்இடி லைட் என்று நாலைந்து லக் அடுக்கியிருந்தால் ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிள் ஈயத்தை ஒட்டி அடியில் இருக்க வேண்டும். மெல்லிய ஒயர்கள் அதற்கு மேலே.

அடுத்தது எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் ஒயர். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில். செல்ஃப் அடிக்கும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் சரியில்லை. சேறும் தண்ணீரும் புகுந்து லக்குக்கு அடியில் துரு பிடித்திருக்கும். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் பல வண்டிகள் அங்கேயே கிளம்பிவிடும்.

மூன்றாவது, சார்ஜிங். இன்ஜினை ஓடவிட்டு 4000 ஆர்பிஎம் வாக்கில் பேட்டரியில் 13.8 முதல் 14.6 வரை வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போச்சு, பேட்டரி உப்பிவிடும். 12.5-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. இன்ஜினில் கரண்ட் உற்பத்தி செய்யும் ஸ்டேட்டரிலிருந்து வரும் கப்ளரை (ஒயர் இணைப்பு) கழற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஒரே நிறத்தில் மூன்று ஒயர் இருக்கும். இன்ஜின் ஓடும்போது இரண்டிரண்டாக ஏசி வோல்ட் பாருங்கள். மூன்று ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டி, ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க ஏற வேண்டும். இன்ஜினை நிறுத்தியபின், அந்த ஒயர் எதற்கும் பாடியோடு தொடர்பு இருக்கக் கூடாது. இதெல்லாம் சரி என்றால் ரெகுலேட்டர் பக்கம் போங்கள். அதன் கப்ளர் கருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கடைசியாக, கரண்ட் கசிவு. சாவி ஆஃப், நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். அந்த நேரத்தில் செல்ஃப் பட்டனைத் தொட்டால் மீட்டர் ஃப்யூஸ் போய்விடும். சில மில்லி ஆம்பியர் காட்டினால் கவலை இல்லை. 50 மில்லி ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளில் 1.2 ஆம்பியர் அவர் (பேட்டரி கொள்ளளவின் அலகு) போய்விடும். 14 ஆம்பியர் அவர் பேட்டரி 12 நாள்கூடத் தாங்காது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதை எடுக்கும்போது எண் விழுகிறதோ அந்த லைனில் கோளாறு. ஃப்யூஸ் எதிலும் விழவில்லையா? பேட்டரியிலிருந்து நேராக இழுத்த யுஎஸ்பி சாக்கெட், வின்ச் ரிமோட் போன்றவற்றைக் கழற்றிப் பாருங்கள்.

கார் சார்ஜரைச் சொருகுவது

பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்குதான் சார்ஜ் கரண்ட். 14 ஆம்பியர் அவருக்கு 1.4 ஆம்பியர். 10 ஆம்பியர் தள்ளினால் பேட்டரி சூடாகி, உள்ளே ஈரம் வற்றி, கெட்டுவிடும். லித்தியம் பேட்டரி என்றால் அதற்கென்றே உள்ள சார்ஜர் வேண்டும். அடியோடு இறங்கிய பேட்டரியைப் பல ஆட்டோமேட்டிக் சார்ஜர்கள் கண்டுகொள்ளவே செய்யாது. அதை வைத்து மட்டும் பேட்டரியைத் தூக்கி எறிய வேண்டாம்.

ஓடும் காரின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஜம்ப் கொடுப்பது

கார் இன்ஜின் ஆஃபில் இருக்கட்டும். கறுப்பு கேபிளின் கடைசி முனை ஏடிவி இன்ஜினின் வெற்று உலோகத்தில், பேட்டரியில் அல்ல.

பாசிட்டிவை முதலில் கழற்றுவது

ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில்.

ஏஜிஎம் (சீல் செய்த) பேட்டரியைத் திறந்து தண்ணீர் ஊற்றுவது

கூடாது.

ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு “சார்ஜ் ஏறிடுச்சு” என்பது

ஐட்லிங்கில் ஸ்டேட்டர் கொடுப்பதை ஹெட்லைட்டும் பெட்ரோல் பம்ப்பும் ஃபேனுமே பெரும்பாலும் தின்றுவிடும். வாரம் ஒருமுறை இப்படி ஸ்டார்ட் செய்து நிறுத்தினால் பேட்டரி படிப்படியாக இறங்கத்தான் செய்யும். வின்ச் இதைவிட மோசம். முழு லோடில் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவு கரண்ட் கொடுக்க எந்த ஏடிவி ஸ்டேட்டராலும் முடியாது. ஆர்பிஎம்மை ஏற்றி வைத்து, சிறிது இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பாருங்கள், 12.4-ஐத் தொட்டதும் சார்ஜில் போட்டுவிடுங்கள்.