தோட்டத்தில் பதாகை பிடிக்கும் முன்: எங்கே நிற்கப் போகிறீர்கள்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் வீட்டுக்காகவோ, குடிநீருக்காகவோ, கோயில் நிலத்துக்காகவோ முதன்முறையாகக் குரல் கொடுக்கப் போகிறவர்களுக்கு இது. ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடுவது, அரசமைப்பின் 10ஆவது பிரிவு குடிமக்களுக்குத் தந்த உரிமை. பயப்பட வேண்டாம். ஆனால் 2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

1. இடம். நம் ஊரில் பாதிச் சிக்கல் இதில்தான். தோட்டச் சாலையும் பாடாங்கும் (திடலும்) கம்பெனி நிலம். உரிமையாளர் சம்மதம் வேண்டும். வெளியேறச் சொல்லியும் நின்றால், அத்துமீறல் என்று புகார் போகலாம். குற்றவியல் சட்டத்தின் 447ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை உண்டு. அதனால் தோட்ட வாசலுக்கு வெளியே, பொதுச் சாலையோரம் நிற்பதே நல்லது. அங்கேயும் கவனம்: வழிபாட்டுத் தலம், பள்ளி, மருத்துவமனை, பெட்ரோல் நிலையம் இவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் பேரணி கூடாது. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் பக்கம் பக்கமாக இருக்கும் தோட்டங்களில், சனம் வழக்கமாகக் கூடும் இடமே சட்டம் தடுத்த இடமாகிவிடும். முந்தின நாளே அளவு நாடாவால் அளந்து பாருங்கள்.

2. ஆட்கள். ஏற்பாட்டாளருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். குடிமக்கள் அல்லாதவர் கலந்துகொள்ள முடியாது. 10,000 ரிங்கிட் வரை அபராதம். சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் அடையாள அட்டை) வைத்திருக்கும் நம் பாட்டி தாத்தாக்களுக்கும் இது பொருந்தும். பிறந்து வளர்ந்த தோட்டத்துக்காக அவர்களால் நிற்க முடியாமல் போவது கொடுமை. ஆனாலும் அவர்களை இந்த ஆபத்தில் இறக்காதீர்கள். 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அழைத்து வந்தால், அழைத்து வந்தவருக்கு 20,000 ரிங்கிட் வரை அபராதம்.

3. நோட்டீஸ். 5 நாளுக்கு முன் மாவட்டப் போலீஸ் தலைவருக்கு எழுத்தில் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். நோட்டீஸ் தராததைக் குற்றமாக்கிய, அமைதிப் பேரணிச் சட்டத்தின் 9(5) பிரிவு செல்லாது என 2025 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொடுக்கும் கடமை மட்டும் அப்படியே இருக்கிறது.

தொழிற்சங்க மறியல் இந்தச் சட்டத்தில் வராது. அதற்குத் தொழிலியல் உறவுச் சட்டம் 1967 இருக்கிறது: வேலையிடத்தருகே அமைதியாக விளக்கிச் சொல்லலாம், வழியை மறிக்கக்கூடாது, மிரட்டக்கூடாது. சங்கச் செயலாளரிடம் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

4. தெரிந்தே சட்டத்தை மீறுவது. வீடு இடிக்க வரும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால், நோக்கம் நியாயமானது என்பதற்காக வழக்கு இல்லாமல் போகாது. அரசு ஊழியரின் கடமையைத் தடுத்தால், குற்றவியல் சட்டத்தின் 186ஆவது பிரிவில் 2 ஆண்டு வரை சிறை. அந்த விலையைக் கொடுக்கத் தயாரா என்பதை ஒவ்வொருவரும் வீட்டாரோடு பேசி முடிவெடுக்க வேண்டும். கூட்டத்தின் சூட்டில் யாரையும் தள்ளாதீர்கள்.

5. பிடித்தால். கைகலக்காதீர்கள். காரணம் கேளுங்கள். உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தெரிவிக்க உங்களுக்கு உரிமை உண்டு. பெயரும் ஐசி எண்ணும் சொல்லுங்கள். உங்களையே குற்றத்தில் மாட்டவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வசதியில்லாத குடிமக்களுக்குத் தேசியச் சட்ட உதவி அறவாரியம் வழக்கறிஞர் தரும். கைப்பேசியை வாங்கிவிடலாம் என்பதால், தொடர்பு எண்களைக் காகிதத்தில் எழுதி, கூட்டத்துக்கு வராத ஒருவரிடமும் ஒரு நகல் கொடுத்து வையுங்கள்.