பின் பிரேக்கை வீட்டு வாசலிலேயே சரிசெய்தேன்

திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி சத்தியமங்கலம் வரும்போதே காரின் பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது, ஹேண்ட் பிரேக்கும் கடைசி வரை இழுத்தால்தான் பிடித்தது. கோபியில் வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது பின் டயரின் உள்பக்கம் ஈரம். பிரேக் ஆயில்தான்.

முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்தேன். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், பிரேக்கை மூடியிருக்கும் டிரம் அசையவே இல்லை. தயவுசெய்து சுத்தியலால் அடிக்காதீர்கள். பல வண்டிகளில் டிரம்மின் முகத்தில் இரண்டு மரை ஓட்டைகள் இருக்கும், அவற்றில் பொருந்தும் போல்ட்டைப் போட்டு மாறி மாறி முறுக்கினால் அதுவே வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும், எனக்கு அப்படித்தான் வந்தது.

உள்ளே, ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் போய், டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் அந்த ஷூ முழுக்க நனைந்திருந்தது. ஆயில் ஊறிய ஷூவைத் துடைத்துப் போட்டால் பிடிக்காது. புது சிலிண்டர் போட்டு, ஷூவை இரண்டு பக்கமும் மாற்றினேன். ஒரு பக்கம் முடியும்வரை மறுபக்கத்தைப் பிரிக்காமல் வைத்தேன், ஸ்பிரிங் எது எங்கே என்று எட்டிப் பார்க்க அதுதான் உதவியது. தூசியை ஊத வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள், நுரையீரலுக்கு ஆகாது.

அப்புறம் பிரேக் ஆயிலுக்குள் புகுந்த காற்றை எடுப்பது. "அழுத்தட்டுங்களாப்பா?" என்று பையன் பெடலில் கால் வைத்துக் கேட்க, அவன் அழுத்தியதும் சிலிண்டரில் உள்ள நிப்பிளை (காற்றை வெளியே விடும் சின்னத் திருகு) திறந்து, காலை எடுப்பதற்குள் மூடிவிட வேண்டும். நிப்பிளில் மாட்டிய குழாயில் குமிழி நிற்கும்வரை இதேதான், நடுவில் பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டே. சாயங்காலம் வாய்க்கால் மேட்டில் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன், பெடல் மேலேயே நின்றது.