விமானத் தூரமும் பறக்கும் நேரமும்: கணக்கு பிசகும் இடங்கள்

தூரத்தை 900-ஆல் வகுத்தால் பயண நேரம் வந்துவிடும் என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. மணிக்கு 900 கி.மீ. என்பது விமானம் உயரத்தை எட்டி, சீராகப் பறக்கும்போது உள்ள வேகம். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது. அதனால்தான் 500 கி.மீ. பயணம் 33 நிமிடத்தில் முடிவதில்லை. தூரத்தை 850-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஓரளவு சரியாக வரும். டிக்கெட்டில் உள்ள நேரம் இதைவிடவும் கூடுதலாக இருக்கும். விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் வந்து நிற்பது வரை எல்லாமே அதில் அடக்கம்.

போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கும் இடையே சுமார் 5,540 கி.மீ. மேற்கே போக ஏறத்தாழ 8 மணி நேரம், கிழக்கே வர 7. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் ஜெட் காற்றோட்டமே காரணம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று இருந்தால் தரையைக் கடக்கும் வேகம் 800 ஆகிறது. அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 1,000.

தூரத்தை நீங்களே கணக்கிட்டால் பிசகு பெரும்பாலும் ஆயத்தொலைவில்தான், அதாவது இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில்தான் வரும். மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட வேண்டும். ஜே.எஃப்.கே.வின் −73.78-ஐ 73.78 என்று போட்டால் அந்தப் புள்ளி கிர்கிஸ்தான் மலைகளுக்குள் விழும். ஆனால் லண்டனிலிருந்து பார்த்தால் விடை 5,600 கி.மீ. என்றே வரும். லண்டன் கிட்டத்தட்ட பூஜ்ய டிகிரியிலேயே இருப்பதால் இரண்டு பக்கத் தூரமும் ஒத்துப்போகிறது. எண்ணை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இந்தத் தவறு படவே படாது. ஆகவே புள்ளியை வரைபடத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். கணினி நிரல்கள் பெரும்பாலும் கோணத்தை டிகிரியில் அல்ல, ரேடியன் என்ற வேறொரு அலகில்தான் எதிர்பார்க்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்: டிகிரியை மாற்றாமல் சைன் 60 கேட்டால் 0.87 வராது, −0.30 வரும்.

அலகிலும் கவனம் வேண்டும். விமானத் துறையில் மைல் என்றால் பெரும்பாலும் கடல் மைல், அது 1.852 கி.மீ. சாலை மைல் 1.609 கி.மீ.தான்.

ஊரின் நடுப்பகுதியிலிருந்து அளப்பதும் தவறு. நரிட்டா விமான நிலையம் டோக்கியோ நகர மையத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கிறது; அங்குள்ள இன்னொரு விமான நிலையமான ஹனேடாவோ நகரை ஒட்டியே உள்ளது. பெயரை நம்பாமல் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள்: எஸ்.ஜே.சி. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே, எஸ்.ஜே.ஓ. கோஸ்டா ரிக்காவின் சான் ஹோசே.

கணக்கில் வருவது மிகக் குறுகிய பாதை. விமானம் அதே பாதையில்தான் போகும் என்பதில்லை. 2022-இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, 9 மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமானது. இரு நகரங்களும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன!

புறப்படும் நேரம், சேரும் நேரம் இரண்டும் அந்தந்த ஊர் நேரம். நேரடியாகக் கழித்தால் விடை தவறும். கோடையில் டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பி 10 மணி நேரம் பறந்தால், லாஸ் ஏஞ்சலஸில் அதே தேதி காலை 11 மணிக்கு இறங்குவீர்கள். இரண்டு நேரத்தையும் முதலில் யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றுங்கள்: காலை 8, மாலை 6. இப்போது கழித்தால் 10 மணி நேரம். குளிர்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும் என்பதால், தேதியைப் பார்த்துவிட்டே மாற்றுங்கள்.